கோழி வேகும் நேரப் பிரசங்கம்

ஓர்பேல் ஊரில் கடவுளுக்கும் கோழிக்கும் நடுவே பல வருஷமாக ஓர் உடன்படிக்கை இருந்தது. யாரும் எழுதி வைத்ததில்லை, யாரும் மீறியதுமில்லை. ஞாயிறு காலை பத்தரைக்குப் பூசை மணி அடிக்கும்போது, கோயில் வாசலுக்கு எதிரே முரியேல் தன் வண்டியில் கோழிகளைக் கம்பியில் கோத்து நெருப்பு முன்னால் சுழல விடுவாள். உள்ளே பழைய பங்குச்சாமியார் கையை உயர்த்தி ஜனங்களை வழியனுப்பும் நேரமும், வெளியே கோழித்தோல் பொன்னிறமாகி மொறுமொறுக்கும் நேரமும் ஒன்றாக இருக்கும். ஜனங்கள் படியிறங்கி வரிசையில் நின்று, ஆளுக்கொரு கோழியும், அதன் கொழுப்பு சொட்டிச் சொட்டி ஊறிய உருளைக்கிழங்கு ஒரு பொட்டலமும் வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். ஆத்துமாவுக்கும் வயிற்றுக்கும் ஒரே நடையில் காரியம் முடிந்துவிடும்.

பழைய சாமியார் அதற்குத் தோதான மனுஷர். ஒரு பாதிரியாரைச் சாப்பாட்டு ராமன் என்று சொல்லலாமா, தெரியவில்லை. எனக்கு வேறு சொல் கிடைக்கவில்லை. நல்ல பெருத்த கோழியாக ஒன்று அவருக்கென்று ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கும். அது காய்ந்துவிடக் கூடாதே என்ற கவலையில், நரகத்தைப் பற்றிக்கூட நாலு வார்த்தையில் சொல்லிவிட்டு இறங்கிவிடுவார். தவக்காலம் முடிந்த கையோடு அவர் ஓய்வு பெற்று, கடற்கரையில் இருந்த தங்கை வீட்டுக்குப் போய்விட்டார். அவர் இடத்துக்கு ஃபாதர் அன்செல்ம் வந்தார். ஒல்லியாக, உயரமாக, கண்ணாடி மூக்கு நுனியில் நிற்க, எப்போதும் எதையோ தொலைத்துவிட்டுத் தேடுகிறவர் போன்ற முகம். குருமடத்து நூலகத்தில் இருபது வருஷம் இருந்தவராம்.

அவர் பிரசங்கம் செய்தார். செய்தார், செய்துகொண்டே இருந்தார். ஆதாமில் ஆரம்பித்தால் நோவாவின் பேழைக்கு வருவதற்குள் முன்வரிசையில் இரண்டு பேர் தூங்கியிருப்பார்கள். முடியப்போகிறது என்று ஜனங்கள் கைப்பையைச் சரிசெய்யும்போது, "இப்போது இரண்டாவது கருத்துக்கு வருவோம்" என்பார். வெளியே கோழிகள் சுழன்றுகொண்டே இருக்கும். தொடையைப் பிடித்து மெல்ல இழுத்தாலே கையோடு வரக்கூடிய கோழி, இப்போது இழுத்தால் வண்டியும் சேர்ந்து வந்தது.

முரியேலுக்கு வயிறு எரிந்ததில் நியாயம் உண்டு. அந்த இடத்துக்காக அவள் பதினோரு வருஷம் காத்திருந்தவள். ஓர்பேல் சந்தையில் நல்ல இடம் பணத்துக்குக் கிடைக்காது, மூப்புக்குத்தான் கிடைக்கும். முன்னால் இருப்பவர் விலகினால்தான் பின்னால் இருப்பவர் நகர முடியும். அந்தப் பதினோரு வருஷமும் அவள் கோட்டைச் சுவர் ஓரம், பொதுக் கழிப்பறைக்குப் பக்கத்தில் கோழி சுட்டாள். அது என்ன பிழைப்பு என்று விளக்கத் தேவையில்லை. கோயில் வாசலில் இருந்த தேன்காரர் வியாபாரத்தை விட்டபோது, முரியேல் அவருக்கு ஒரு கோழியை இனாமாகக் கொடுத்துவிட்டு அழுதாள். தேன்காரர் பிரிவுத் துயரம் என்று நினைத்துக்கொண்டார்.

நல்ல இடத்துக்கு ஒரு கண்டிப்பான விதியும் இருந்தது. பன்னிரண்டரைக்குச் சந்தை அதிகாரி பெர்த்தலோ விசில் ஊதுவார். ஊதியதும் விற்பனையை நிறுத்தி வண்டியைக் கிளப்பிவிட வேண்டும். சதுக்கத்தைக் கழுவுகிற லாரி வந்துவிடும். புதுச்சாமியார் வந்ததிலிருந்து பூசை முடிவதும் விசில் ஊதுவதும் கிட்டத்தட்ட ஒன்றாகிவிட்டன. ஜனங்கள் பசியோடு வந்து வரிசையில் நிற்கும்போது விரட்ட முடியுமா? முரியேல் விசிலுக்குப் பிறகும் விற்றாள். பெர்த்தலோ ஒரு முறை எச்சரித்தார். பிறகு இரண்டாம் முறை எச்சரித்தார்.

"மேடம், எனக்கும் உங்கமேல ஒண்ணும் பகை இல்ல," என்றார். "ஆனா மூணு தடவ ஆயிடுச்சுன்னா இடம் மாத்தணும்னு விதி இருக்கு. ரெமி ஏற்கெனவே வந்து கேட்டுட்டுப் போயிட்டான்."

ரெமி, ஸ்பானியர்களைப் போல அகலமான இரும்புத் தட்டில் இறால் சோறு கிளறி விற்பவன். இப்போது கழிப்பறை ஓரத்தில் இருப்பவன் அவன்தான். அவன் போன ஞாயிறு முரியேலின் இடத்தைச் சும்மா பார்ப்பதுபோல் வந்து, குறுக்கே நடந்து காலடியால் அளந்துவிட்டுப் போனதை அவள் கவனித்திருந்தாள்.

"நான் இன்னும் சாகல," என்று பின்னாலிருந்து கத்தினாள். "அதுக்குள்ள பொணத்த அளக்கிற மாதிரி அளக்கறான் பாரு!"

பக்கத்துக் கடையில் கில்தாஸ் சிப்பி விற்றுக்கொண்டிருந்தான். விடியுமுன் கடற்கரையிலிருந்து வண்டி ஓட்டி வருகிறவன், முரியேலைவிட ஏழெட்டு வயது இளையவன். வாய் சும்மா இருக்காது.

"என் சரக்குக்குக் கவலையே இல்லக்கா," என்றான். "சாமி எவ்ளோ நேரம் பேசினாலும் சிப்பி உயிரோடதான் இருக்கும். உள்ள உக்காந்திருக்கிறவங்களப் பத்திதான் சொல்ல முடியாது."

"சிரி, சிரி. நாளைக்கு என் இடத்துக்கு ரெமி வந்து நின்னு, நாள் பூரா இறால் நாத்தத்துல நீ கிடக்கும்போது தெரியும்."

கில்தாஸ் சிரிப்பதை நிறுத்தினான். சிப்பி திறக்கும் கத்தியைத் துடைத்துக்கொண்டே கோயில் வாசலைப் பார்த்தான், முரியேலின் வண்டியைப் பார்த்தான். வண்டியின் நெருப்புப் பக்கம் சதுக்கத்தைப் பார்த்து நின்றது. முதுகுதான் கோயில் பக்கம்.

"அக்கா," என்றான். "ஒனக்கு எதுக்கு வாய்? ஒன் கோழிய விட்டுப் பேசச் சொல்லேன்."

"என்னடா உளர்றே?"

"வண்டியத் திருப்பு. நெருப்பு கோயில் வாசலப் பார்க்கட்டும். மே மாசம், கதவெல்லாம் திறந்துதான் வச்சிருக்காங்க. வாசனை நேரா உள்ள போகும். சாமி பிரசங்கம் சொல்லட்டும், கோழியும் சொல்லட்டும். எது ஜெயிக்குதுன்னு பார்த்துடலாம்."

முரியேல் அவனை உற்றுப் பார்த்தாள். கடவுள் பயம் உள்ளவள்தான். ஆனால் அந்த நேரத்தில் கழிப்பறை பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

அடுத்த ஞாயிறு பெர்த்தலோவிடம், காற்று எதிர்த்து அடித்து நெருப்பை அணைக்கிறது, வண்டியைத் திருப்பிப் போட வேண்டும் என்று சொன்னாள். அன்றைக்கு மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. பெர்த்தலோ வானத்தைப் பார்த்தார், மரத்தைப் பார்த்தார், சரி என்று தலையாட்டினார்.

முதல் வாசகம் முடியுமுன் பலன் தெரிந்தது. திறந்த கதவு வழியே உள்ளே வரிசை வரிசையாகப் பின்னந்தலைகள் தெரிந்தன. அவை ஒவ்வொன்றாக நிமிர்ந்தன. பிறகு மெல்லத் திரும்பின. பாடற்குழுவில் கட்டைக்குரல் பாடுகிறவர் ஒரு வரியை விட்டுவிட்டு அடுத்த வரியில் சேர்ந்துகொண்டார். சாமியார் பிரசங்க மேடையில் ஏறினார். கில்தாஸ் சிப்பிக்கூடையின்மேல் உட்கார்ந்து, தியேட்டரில் படம் பார்க்கிறவன்போல் காலை நீட்டிக்கொண்டான்.

சாமியார் பேசத் தொடங்கினார். ஜனங்கள் நெளிந்தார்கள். நாற்காலிகள் கிறீச்சிட்டன. எங்கோ ஒரு வயிறு கடமுடவென்று உருண்டது. பழைய கற்கோயில், சின்ன சத்தமும் எதிரொலிக்கும். ஃபாதர் அன்செல்ம் நிறுத்தி, கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். முரியேல் மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"நான் சொன்னது உங்களுக்குத் தெளிவாக விளங்கவில்லை என்று தோன்றுகிறது," என்றார் ஒலிபெருக்கியில். "மறுபடியும் முதலிலிருந்து சொல்கிறேன்."

கில்தாஸ் தலையில் கைவைத்துக்கொண்டான். அன்றைக்குப் பிரசங்கம் முன்னெப்போதையும்விட நீண்டது; ஜனங்கள் வெளியே வருமுன்பே விசில் ஊதிவிட, முரியேல் விற்காத கோழிகளோடு வண்டியைக் கிளப்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் முரியேல் தோற்றால் இரண்டு மடங்காக எழும் ரகம். புருஷன் பிரிந்து போனபோது, வண்டி எனக்கு, கார் உனக்கு என்று பங்கு பிரித்து, அடுத்த வாரமே அவன் குடித்தனம் போன தெருவில் கோழி விற்றவள். அதற்கடுத்த ஞாயிறு ஒரு கூடை பூண்டு கொண்டுவந்தாள். சாமியார் மேடையில் ஏறுகிற நேரம் பார்த்து, பூண்டையும் வெங்காயத்தையும் தைம் என்ற வாசனை இலையையும் கொதிக்கும் கோழிக்கொழுப்பில் கொட்டினாள். சதுக்கம் முழுவதும் கமகமத்தது. காய்கறிக்கடையில் பேரம் பேசிக்கொண்டிருந்தவர்கள் பேரத்தை மறந்தார்கள். கட்டியிருந்த நாய் ஒன்று அழத் தொடங்கியது.

கோயிலின் பக்கவாட்டுக் கதவு மெல்லத் திறந்தது. கட்டைக்குரல்காரர் பாடற்குழு அங்கியோடு வெளியே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு ஓட்டமும் நடையுமாக வண்டிக்கு வந்தார்.

"ஒரே ஒரு தொடை, முரியேல். சீக்கிரம். விசுவாச அறிக்கை பாடறதுக்குள்ள நான் உள்ள போகணும்."

"வாங்க ராசா, ஒங்க குரலுக்கு நெய் ஊத்துன மாதிரி ஆகும்," என்று தொடையைக் கிழித்துக் கொடுத்தாள். அவர் நின்றபடியே தின்று, விரலை நக்கி, அங்கியில் துடைத்துக்கொண்டு உள்ளே ஓடினார். அவர் பின்னால் ஒரு பெண், அப்புறம் நகரசபைத் துணைத்தலைவர், அப்புறம் அவர் மனைவி. இருவரும் தனித்தனியாக வந்து ஒருவரையொருவர் பார்த்ததும் திடுக்கிட்டார்கள்.

மேடையிலிருந்து பார்த்த சாமியாருக்கு நாற்காலிகள் காலியாவது தெரிந்தது. போனவர்கள் திரும்பி வருவதும் தெரிந்தது. நல்ல மனுஷர், என்ன நினைத்தார் தெரியுமா? போனவர்கள் தவறவிட்டதைச் சுருக்கமாக இன்னொரு தரம் சொன்னார். ஒவ்வொருவரும் திரும்பி வரும்போதும் சொன்னார்.

பூசை முடிந்து கூட்டம் வெளியே கொட்டியபோது பெர்த்தலோ ஏற்கெனவே விசிலை வாயில் வைத்திருந்தார். ஊதினார். முரியேலின் முன்னால் நீண்ட வரிசை நின்றது. கோழிகள் விறகாகக் காய்ந்திருந்தன, ஆனாலும் ஜனங்கள் கேட்டார்கள். அவள் கை தன்னால் பொட்டலம் கட்டியது. கழுவுகிற லாரி வந்து ஹாரன் அடித்தது. ஓட்டுநர் இறங்கி வந்து வரிசையில் சேர்ந்துகொண்டதுதான் மிச்சம்.

பெர்த்தலோ வரிசை முடியும்வரை காத்திருந்தார். பிறகு தொப்பியைக் கழற்றிக்கொண்டு வந்தார். அவர் தொப்பியைக் கழற்றினால் நல்ல சேதி இல்லை என்று சந்தைக்கே தெரியும்.

"இது மூணாவதுதான் மேடம். ஆனா லாரிக்காரனே உங்ககிட்ட வாங்கித் தின்னதால, நான் இன்னிக்குப் பார்க்கலன்னு வச்சுக்கறேன். அடுத்த ஞாயிறு விசிலுக்கு அப்புறம் ஒரு றெக்கை வித்தாக்கூட, நீங்க பழைய இடத்துக்குப் போகணும். எனக்கு வேற வழி இல்ல."

முரியேலின் கண்ணில் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது. தூரத்தில் ரெமி தன் இரும்புத் தட்டைத் துடைத்துக்கொண்டே விசிலடித்துப் பாட்டுப் பாடினான். அதுதான் அவளுக்குப் பொறுக்கவில்லை. கோழி குத்தும் நீண்ட முள்கரண்டியோடு, இடுப்பில் கட்டிய எண்ணெய்த் துணியோடு, விறுவிறுவென்று கோயிலுக்குள் நடந்தாள்.

"அக்கா, முள்ள வச்சுட்டுப் போ!" என்று கில்தாஸ் பின்னாலேயே ஓடினான்.

பீடத்துக்குப் பின்னால், பூசை உடுப்பு மாற்றும் அறையில் ஃபாதர் அன்செல்ம் நாற்காலியில் சாய்ந்து கிடந்தார். செருப்பைக் கழற்றிப் போட்டிருந்தார், தொண்டை கட்டி, தண்ணீரை மடக்கு மடக்காகக் குடித்துக்கொண்டிருந்தார். முரியேலைக் கண்டதும் அவர் முகம் மலர்ந்த விதத்தில், அவள் தயாராக வைத்திருந்த வசவு முழுக்க மறந்துபோனது.

"மேடம் முரியேல்! வாங்க, வாங்க. இன்னிக்குப் போதுமானதா இருந்துச்சா?"

"எது போதுமானதா?"

"பிரசங்கம். இதுக்கு மேல நீட்டணும்னா எனக்கு இன்னும் ரெண்டு வாரம் அவகாசம் வேணும். தொண்டை தாங்கல."

முரியேல் கில்தாஸைப் பார்த்தாள். கில்தாஸ் கூரையைப் பார்த்தான்.

"ஃபாதர், உங்கள யாரு நீட்டச் சொன்னா?"

"நீங்கதானே," என்றார் அவர், வெள்ளந்தியாக. "நான் இந்த ஊருக்கு வந்த மொதோ ஞாயிறு. உங்ககிட்ட கோழி வாங்க வந்தேன். நீங்க என்ன சொன்னீங்க, ஞாபகம் இருக்கா? 'ஃபாதர், ஸ்பீக்கர்ல உங்க குரல் இங்க வரைக்கும் வந்துச்சு. தேன் மாதிரி இருந்துச்சு. எங்க பழைய சாமியார் வாயத் திறக்கறதுக்குள்ள மூடிடுவாரு. நீங்களாவது இன்னும் கொஞ்ச நேரம் பேசக் கூடாதா, ஊரே ஏங்கிக் கிடக்குது' அப்படின்னீங்க."

முரியேலுக்கு ஞாபகம் இல்லை. அதுதான் பரிதாபம். அன்றைக்கு அவள் மருந்துக்கடை அம்மாவிடம் இளைத்து அழகாகிவிட்டீர்கள் என்று சொன்னாள், எண்பது வயதுக்காரியை வாடி என் அழகி என்று கூப்பிட்டாள், துணைத்தலைவரிடம் நீங்கள்தான் அடுத்த தலைவர் என்றாள். சந்தையில் வாய்தான் பாதி முதல். யாரும் அதை நம்புவதில்லை. கேட்டுச் சிரித்துக்கொண்டு கோழியை வாங்கிப் போவார்கள். ஆனால் இருபது வருஷம் நூலகத்தில் இருந்த மனுஷருக்கு அதை யாரும் சொல்லித் தரவில்லை. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். முரியேல் கெட்டது ஒரே ஒரு கோழியை விற்பதற்காக.

"நான் சும்மா..." என்று தொடங்கினாள்.

"இல்ல, இல்ல, நீங்க அடக்கமா பேசாதீங்க. எனக்கு மேடை ஏறவே பயம் மேடம். உண்மையச் சொல்லட்டுமா? எனக்குச் சரக்கு முட்டை வேகற நேரத்துக்குத்தான் இருக்கு. அத நான் உங்க கோழி வேகற நேரத்துக்கு இழுக்கறேன். ஒவ்வொரு சனிக்கிழமையும் புஸ்தகத்தப் பரப்பி வச்சுட்டு உக்காந்திருப்பேன். இத விட்டுடலாமான்னு தோணும்போதெல்லாம், சந்தையில ஒருத்தங்க எந்தப் பிரதிபலனும் எதிர்பார்க்காம இப்படிச் சொன்னாங்களேன்னு நெனச்சுப்பேன்."

"எந்தப் பிரதிபலனும் எதிர்பார்க்காம," என்று கில்தாஸ் மெல்ல இருமினான்.

முரியேல் திரும்பி அவனை முறைத்தாள். சந்தையில் யாரையும் எந்தச் சொல்லாலும் கிழிக்கக்கூடிய பெண், அந்த மனுஷர் முகத்தைப் பார்த்து ஒரு நேரான வாக்கியம் சொல்ல முடியாமல் நின்றாள். சொன்னால் அவர் உடைந்துபோவார். சொல்லாவிட்டால் அவளுக்குக் கழிப்பறை ஓரம். வெறும் பிடிவாதக்காரக் கிழவராக இருந்திருந்தால் எவ்வளவு சுலபம்!

"சொல்லிடுக்கா," என்றான் கில்தாஸ். "உண்மை சொன்னா வாய் வெந்துடாது."

சொன்னாள். முள்ளை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னாள். அது வியாபாரப் பேச்சு என்பதை, காய்ந்த கோழியை, விசிலை, ரெமி அளந்ததை. தொடங்கிய பிறகு நிறுத்த முடியவில்லை. வண்டியைத் திருப்பியதையும் பூண்டையும்கூடச் சொல்லிவிட்டாள். கில்தாஸ் வேண்டாம் வேண்டாம் என்று கையை ஆட்டிக்கொண்டிருந்தான், கண்ணீரில் அவளுக்குக் கண் தெரியவில்லை.

ஃபாதர் அன்செல்ம் தண்ணீர்க் குவளையைக் கீழே வைத்தார். முகம் சுருங்கிப்போனது. அதைப் பார்த்து முரியேலுக்கு, கழிப்பறை ஓரமே மேல், போயிருக்கலாம் என்று தோன்றியது.

"எல்லாமே பொய்யா?" என்று கேட்டார் கடைசியில். "தேன் மாதிரின்னு சொன்னதுமா?"

"குரல் நல்லாத்தான் இருக்கு, ஃபாதர். அது மட்டும் பொய்யில்ல."

"இதுவும் வியாபாரப் பேச்சா?"

"இல்ல, ஃபாதர். விக்கற மாதிரி இன்னிக்கு எங்கிட்ட ஒரு கோழிகூட மிச்சமில்ல."

அவர் அவளையே பார்த்தார். பிறகு செருப்பில் காலை நுழைத்தார். அவருடைய தோள் இரண்டும் மெல்லக் கீழே இறங்கின, நெடுந்தூரம் சுமந்து வந்த மூட்டையை இறக்கியவருக்கு இறங்குவதுபோல.

"அப்போ சனிக்கிழமை நான் தூங்கலாம்," என்றார். பிறகு, "அந்தப் பூண்டு நீங்கதானா? நான் என் மனசு அலைபாயுதுன்னு நெனச்சுப் பாவசங்கீர்த்தனம் செய்யலாம்னு இருந்தேனே!" என்றார். அவர் சிரித்தாரா, கோபித்தாரா என்று முரியேலால் கண்டுபிடிக்க முடியவில்லை.

அடுத்த ஞாயிறு அவள் மணி அடித்ததும் கோழிகளை ஏற்றினாள். கூடுதலாகவே ஏற்றினாள். கொஞ்சம் பேசுவார், பாட்டுகள் இருக்கின்றன, நற்கருணை வாங்கும் வரிசை இருக்கிறது. எல்லாம் சரியாக வந்துவிடும் என்று கணக்கு. பெர்த்தலோ விசிலை உருட்டிக்கொண்டு தள்ளி நின்றார். வண்டியை அன்றைக்கும் பழக்கத்தில் கோயிலைப் பார்த்தபடியே நிறுத்தியிருந்தாள்.

ஃபாதர் அன்செல்ம் மேடையில் ஏறினார். "இன்றைய நற்செய்தி தெளிவாக இருக்கிறது," என்றார். "நான் அதைக் கெடுக்க விரும்பவில்லை." இறங்கிவிட்டார்.

தூங்கத் தயாராக இருந்த முன்வரிசை திடுக்கிட்டு நிமிர்ந்தது. பிறகு எல்லாம் பறந்தது. பாடற்குழு பயந்துபோய் இரண்டு மடங்கு வேகத்தில் பாடியது. நற்கருணை வரிசை ஓடியது. பூசை முடிந்து ஜனங்கள் வாசலில் வந்து நின்றபோது, வெளிச்சம் கூசிக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு, இன்னும் காலைதானா என்று ஒருவரையொருவர் கேட்டார்கள். பிறகு எல்லாரும் முரியேலைப் பார்த்தார்கள்.

முரியேல் கோழிகளைப் பார்த்தாள். வெளுத்துப் போய், குளித்துவிட்டுத் துவட்டாமல் நிற்பதுபோல் வரிசையாகச் சுழன்றன. ஒன்றின் தோலாவது நிறம் மாறியிருக்க வேண்டுமே!

"வாங்க, வாங்க என் செல்லங்களா," என்றாள். குரல் அவளுக்கே கேட்கவில்லை. "கொஞ்சம்... ஒரு நிமிஷம்..."

அப்போதுதான் சதுக்கத்தின் அந்தக் கோடியில் ரெமி மூடியைத் தூக்கினான். குங்குமப்பூவும் இறாலும் கலந்த ஆவி குபீரென்று எழுந்தது. அந்தச் சோறு எப்போதோ வெந்து தயாராக இருந்தது. வரிசையின் பின்பக்கம் ஒருவர் திரும்பினார், அப்புறம் மூவர். துணைத்தலைவர், "இன்னிக்கு ஒரு நாள் சோறு சாப்பிட்டா என்ன?" என்று மனைவியிடம் கேட்பது முரியேல் காதில் விழுந்தது. இவ்வளவு கோழியையும் என்ன செய்வது? கூட்டம் கலைந்துவிட்டால் கதை முடிந்தது. சீக்கிரம் முடியுங்கள் என்று கெஞ்சி வாங்கிய வரம் அவள் தலையிலேயே விழுந்துவிட்டது.

வாசல் படியில் சாமியார் கை கட்டிக்கொண்டு நின்றிருந்தார், பாடம் ஒப்பித்த பையனைப்போல் பெருமையாக. அவர் முரியேலைப் பார்த்தார். கோழிகளைப் பார்த்தார். கலையும் கூட்டத்தைப் பார்த்தார். கண்ணாடியைத் தள்ளிவிட்டுக்கொண்டார்.

பூசை உடுப்போடு இறங்கி வந்து, கில்தாஸின் காலிச் சிப்பிக்கூடையைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் ஏறி நின்றார்.

"அன்பானவர்களே, ஒரு நிமிஷம்."

கூட்டம் பெருமூச்சு விட்டது. யாரோ வாய்விட்டே, "ஐயோ, மறுபடியுமா," என்றார்கள்.

"பிரசங்கம் இல்ல, பயப்படாதீங்க," என்றார் சாமியார். "ஒரு கதை. நான் இந்த ஊருக்கு வந்த மொதோ ஞாயிறு, இந்த மேடம் முரியேல் என்கிட்ட ஒரு பொய் சொன்னாங்க."

போய்க்கொண்டிருந்த கால்கள் நின்றன. துணைத்தலைவர் திரும்பி வந்தார்.

அந்த மனுஷர் கதை சொல்லத் தெரிந்தவர் என்று யாருக்குத் தெரியும்? மேடையில் ஆதாமைப் பற்றி வராத உயிரெல்லாம் கூடையின்மேல் முரியேலைப் பற்றி வந்தது. அவளுடைய குரலிலேயே, "தேன் மாதிரி, ஃபாதர், தேன் மாதிரி," என்று பேசிக் காட்டினார். இடுப்பில் கைவைத்து நடந்து காட்டினார். ஜனங்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து சிரித்தார்கள். காய்கறிக்காரர்கள் கடையை விட்டு வந்தார்கள். சனிக்கிழமை இரவுகளைப் பற்றிச் சொன்னபோது சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள்; ஒவ்வொரு ஞாயிறும் வாசலில் அவர் கையைப் பிடித்து, "அற்புதமான பிரசங்கம், ஃபாதர்," என்று சொல்லிவிட்டுப் போனவர்கள்தானே எல்லாரும்.

முரியேலின் முகம் நெருப்பைவிடச் சிவந்தது. மண் பிளந்து விழுங்கினால் தேவலை என்றிருந்தது. இந்தச் சந்தையில் அவளை யாரும் இப்படிக் கிழித்ததில்லை, அதுவும் இவ்வளவு அன்பாக.

"ஃபாதர்," என்று கிசுகிசுத்தாள். "போதும், ஃபாதர்."

சாமியார் குனிந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்:

"வெந்துடுச்சா?"

அவள் ஒரு கோழியைத் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் இல்ல."

"அப்போ அடுத்தது, வண்டி திரும்பின கதை," என்றார் நிமிர்ந்து. "சந்தை அதிகாரி இங்க இருக்காரா? இலை அசையாத நாள்ல அடிச்ச காத்தப் பத்தி அவருக்கும் தெரியணும்."

"காத்தா!" என்று பெர்த்தலோ கூட்டத்துக்குள்ளிருந்து கத்தினார். "எனக்கு அப்பவே தெரியும்!" ஆனால் அவரும் வரிசையில்தான் நின்றிருந்தார், விசில் சட்டைப் பைக்குள் போயிருந்தது. ரெமியின் கடை முன்னால் ஓர் ஆள்கூட இல்லை. ரெமியே கரண்டியோடு இங்கே வந்து, எட்டிப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். கட்டைக்குரல்காரர் பக்கவாட்டுக் கதவு வழியே வந்த கட்டம் நெருங்கியதும், அவர் தன் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒளியப் பார்த்தார்.

தோல் பொன்னிறமாகிக்கொண்டிருந்தது. கொழுப்பு உருளைக்கிழங்கின்மேல் சொட்டத் தொடங்கிவிட்டது. பார்வைக்கு வெந்த கோழிதான். யார் கண்டுபிடிக்கப் போகிறார்கள்? ஒரு சொல் சொன்னால் போதும், இந்த மானக்கேடு இங்கேயே நின்றுவிடும். சாமியார் பூண்டுக்கு வந்துவிட்டார். அடுத்தது அவள் முள்ளோடு உள்ளே நுழைந்து அழுததுதான். அதையும் சொல்லிவிடுவார், விட மாட்டார்.

"மேடம்?" என்று அவர் கேட்டார். சதுக்கம் முழுக்க அவள் பக்கம் திரும்பியது. "இப்போ வெந்துடுச்சா?"

முரியேல் முள்ளைக் கோழித் தொடையில் ஆழமாகக் குத்தி இழுத்தாள். வழிந்த சாறு இளஞ்சிவப்பாக இருந்தது. அதைப் பார்த்தாள், வரிசையைப் பார்த்தாள், கூடையின்மேல் புருவத்தை உயர்த்திக்கொண்டு நிற்கிற அந்த ஒல்லி மனுஷரைப் பார்த்தாள்.

"இல்ல, ஃபாதர்," என்றாள். "இன்னும் கொஞ்ச நேரம் பேசுங்க."